லோகபுருஷன் வரைய முதலில் ஸ்கேலை எடுங்கள்

சமண ஓவியங்களில் காலை அகட்டி, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிற்பாரே ஒருவர், உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக, அவர்தான் லோகபுருஷன். மூன்று உலகமும் அந்த உடம்புக்குள். குஜராத், ராஜஸ்தான் பக்கம் துணியிலும் காகிதத்திலும் நிறைய வரைந்திருக்கிறார்கள். நீங்களும் வரைவதென்றால் முகத்தில் தொடங்காதீர்கள், அளவில் தொடங்குங்கள்.

உயரம் 14 ரஜ்ஜு (உலகத்தை அளக்கச் சமணர் வைத்திருக்கும் மாபெரும் நீள அளவு). ஏ3 தாளில் ரஜ்ஜுவுக்கு 2.5 செ.மீ. வைத்தால் 35 செ.மீ., தாராளமாக அடங்கும். நடுக்கோடு போட்டு, அடியில் 7 ரஜ்ஜு அகலம், பாதி உயரத்தில் இடுப்புக்கு 1, பத்தரை ரஜ்ஜு உயரத்தில் முழங்கைக்கு 5, உச்சியில் மறுபடி 1 என்று புள்ளி வைத்து இணையுங்கள், ஆள் தானாக நிற்பார்.

இடுப்புக்குக் கீழே ஏழு நரகம். மேலே ரத்னபிரபை, அடியில் மகாதமப்பிரபை, அதனால் இறங்க இறங்க நிறத்தை இருட்டாக்க வேண்டும். கொடைக்கானலில் மூட்டம் இறங்கிவிட்டால் வாட்டர்கலர் லேசில் காயாது. அவசரப்பட்டு அடுத்த பட்டையைத் தொட்டால் இரண்டு நரகமும் ஒன்றாகிவிடும். ஹேர் டிரையரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வேலை இடுப்பில்தான். அளவுப்படி பார்த்தால் நாம் வாழும் நடுவுலகம் வெறும் கோடு, அதனால் ஓவியர்கள் அதைத் தட்டுபோல நம் பக்கம் திருப்பி வட்டமாகக் காட்டுவார்கள். நடுவில் மேருவோடு ஜம்புத்வீபம், குறுக்களவு 1 லட்சம் யோஜனை. சுற்றி உப்புக்கடல் 2 லட்சம் அகலம், தாதகிகண்டம் 4, காலோதக் கடல் 8, புஷ்கரத்தில் பாதி 8. இருபுறமும் கூட்டினால் 45 லட்சம், மனிதர்கள் இருப்பது அதுவரைதான். 9 செ.மீ. வட்டத்தில் இதை அப்படியே போட்டால் ஜம்புத்வீபம் 2 மி.மீ. புள்ளி, மேருவை எங்கே வரைவது? வெளி வளையங்களை ஒடுக்கி நடுவைப் பெரிதாக்குங்கள், பழைய ஓவியர்களும் அப்படித்தான் சமாளித்தார்கள்.

மேலே சொர்க்கங்கள். சமணத்தின் இரு பிரிவுகளில் சுவேதாம்பரர் கணக்கில் 12, திகம்பரர் கணக்கில் 16. தமிழ்ச் சமணர் திகம்பரர் என்பதால் நான் 16 போடுவேன். அவற்றுக்கும் மேலான தேவருலகங்களில் கிரைவேயகம் கழுத்தில், அனுத்தரம் முகத்தில். முகத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் பழனிக்கு இறங்கும்போது ஐவர்மலையில் பாறைச் சிற்பங்களைப் பாருங்கள், வரகுண பாண்டியனின் கி.பி. 870 கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக நெற்றியில் பிறைபோலச் சித்தசிலை, வீடுபேறு அடைந்த உயிர்களின் இடம், வெள்ளையாகவே விடுங்கள். அதன் அகலமும் 45 லட்சம் யோஜனைதான், ஏனென்றால் வீடுபேறு அடைந்த உயிர் விட்ட இடத்திலிருந்து நேர் மேலே போகிறது.