தாய் முயலுக்கும் குட்டிகளுக்கும் ஒரு கூடு

முயல் வளர்க்கிற வீடுகளில் பெரும்பாலும் பெரிய முயலைப் பார்த்துத்தான் கூடு கட்டுகிறார்கள். திரும்பிப் படுக்க இடம் இருக்கிறதா, கடித்துக்கொண்டு வெளியே வராதா என்று பார்ப்பார்கள், அத்தோடு சரி. ஆனால் ஒருநாள் அதே கூட்டுக்குள் விரல் நீளத்தில் ஏழெட்டுக் குட்டிகள் கிடக்கும். கண் தெரியாது, மயிர் இருக்காது, நடக்கவும் வராது. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக்குள் நான் பல வருடமாக முயல் வளர்க்கிறேன். என்னிடம் பெட்டை வாங்க வருகிறவர்களிடம் முதலில் கேட்பது கூட்டைப் பற்றித்தான். குட்டியை மனதில் வைத்துக் கட்டிய கூடு இருந்தால் மட்டுமே பெட்டையைக் கடுவனோடு (ஆண் முயலோடு) சேர்த்துவிடுங்கள். அதற்குமுன் வேண்டாம்.

சினைக்காலம் 30 முதல் 32 நாள்தான். சேர்த்த பிறகு கூடு கட்டத் தொடங்கினால் தச்சுவேலைச் சத்தத்திலேயே பெட்டை மிரண்டுபோகும்.

3, 4 கிலோ நிறையுள்ள பெட்டைக்குக் குட்டிகளோடு இருக்க 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். 3 அடி நீளத்தில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அது போதும். குட்டிகள் வெளியே வந்து ஓடத் தொடங்கியதும் தாய்க்கு ஒதுங்க மூலை இல்லாமல் போகும்.

வலையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஹாட்வெயார் கடையில் கேட்டால் முதலில் அறுகோணக் கண் உள்ள கோழி வலையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், ஆனால் வெளியே இருப்பதை மறிக்காது. சிறிய சாரைப்பாம்பு அந்தக் கண்ணால் நுழைந்துவிடும். நாய் இழுத்தால் கிழிந்துபோகும். பற்றுவைத்த கம்பி வலை, அரை அங்குலக் கண், நாகம் (துத்தநாகம்) பூசியது என்று சொல்லிக் கேளுங்கள். பக்கச் சுவர் எல்லாம் அதுதான். தரைக்கு மட்டும் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண் உள்ள வலை நல்லது, புழுக்கை தங்காமல் கீழே விழும். அதைவிடப் பெரிய கண் என்றால் குட்டியின் கால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வலையின் வெட்டிய முனைகள் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் உள்ளே கையை விட்டு நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். உங்கள் கையைக் கீறுவது குட்டியின் வயிற்றையும் கீறும்.

தரை முழுதும் கம்பியாக இருந்தால் தாயின் பின்னங்காலில் புண் வரும். ஒரு மூலையில் முயல் நீட்டிப் படுக்கிற அளவுக்குப் பலகை ஒன்று போட்டு விடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், எடுத்துக் கழுவ வேண்டும். கதவுக்குக் கீழே 4 அங்குல உயரத்தில் ஒரு ரீப்பைக் கட்டை குறுக்கே வரட்டும். கதவைத் திறக்கும்போது குட்டிகள் தீனி என்று நினைத்து ஓடிவரும். அந்தக் கட்டை இல்லாவிட்டால் நேரே நிலத்தில் விழும்.

கூடு நிலத்தில் இருந்து 3 அடி உயரத்தில் நிற்கட்டும். நாலு கால்களையும் மீன் டின்னுக்குள் வைத்து, தண்ணீர் விட்டு, மேலே கொஞ்சம் பழைய எண்ணெய் ஊற்றுங்கள். எறும்புக்குத்தான் இது. நெருப்பெறும்பு ஒரு இரவில், கூட்டுக்குள் குட்டி போட வைக்கிற பெட்டிக்குள் ஏறினால் கண் திறக்காத குட்டிகளில் ஒன்றும் மிஞ்சாது. டின்னில் தண்ணீர் வற்றினாலும், மரக்கிளை கூரையைத் தொட்டாலும், பக்கத்தில் சாய்த்த விளக்குமாறு கூட்டில் முட்டினாலும் எறும்புக்கு அது பாலம். வெயில் காலத்தில் டின்னைத் தினமும் பார்க்க வேண்டும்.

மற்ற எதிரிகளை எங்களூர் ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கீரி, மரநாய், அகழான், வளவுப் பூனை, காகம். கம்பியைச் சுற்றி மாட்டுகிற கொளுக்கியை மரநாய் தட்டித் திறந்துவிடும். தள்ளிப் பூட்டுகிற கொண்டி போட்டு, அதன் ஓட்டைக்குள் ஒரு ஆணியைச் செருகி வையுங்கள். நாய் கூட்டுக்குள் வராவிட்டாலும் ஆபத்துத்தான். அது சுற்றிச் சுற்றிக் குரைத்தால் தாய் பயத்தில் பெட்டிக்குள் பாய்ந்து குட்டிகளை மிதித்துவிடும். அதனால் நாய் வளர்க்கிற வீடாக இருந்தால் கூட்டைச் சுற்றி ஒரு தட்டி வேலியும் வேண்டும். தீபாவளி, புத்தாண்டு என்று வெடி கொளுத்துகிற இரவுகளில் ஒரு பக்கம் மட்டும் காற்றுக்கு விட்டு, மற்றப் பக்கங்களைச் சாக்கால் மூடிவிடுவேன்.

இனி வெயில். திருகோணமலையில் முயல் வளர்ப்பதில் பாதி வேலை இதுதான். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காதால்தான் வெளியே விடும். 30 பாகைக்கு மேல் போனால் மூச்சு வாங்கும், 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும்போது நண்பகலில் இங்கே அந்தச் சூடு வருவது வழக்கம். தகரக் கூரை மட்டும் போட்ட கூடு அடுப்பாகிவிடும். கிடுகு வேயுங்கள், முடியாவிட்டால் தகரத்தின் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகைப் பரப்புங்கள். வேம்பு, மா நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் இரண்டு குறுகிய முனைகளில் மட்டும்தான் படும். அந்த முனைகளைப் பலகையால் அடைத்துவிடுங்கள்.

கச்சான் தென்மேற்கில் இருந்து வரும் வறண்ட காற்று. அந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக்கலாம். தென்பக்கம் ஒரு சணல் சாக்கைத் தொங்கவிட்டுக் காலை பத்து மணியில் இருந்து அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். காற்று வறண்டிருப்பதால் ஈரம் சீக்கிரம் உலரும், உலரும்போது உள்ளே போகிற காற்றைக் குளிரவைக்கும். போத்தலில் தண்ணீர் உறையவைத்துத் துணியில் சுற்றித் தாயின் பலகையில் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் மட்டும் அதை வைக்காதீர்கள்.

வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். ஒக்டோபரில் இருந்து மழை வடகிழக்கால் சாய்ந்து அடிக்கும். வடக்கிலும் கிழக்கிலும் சுருட்டி இறக்கக்கூடிய படங்கு கட்டிக்கொள்ளுங்கள். முழுதாக மூடினால் மூத்திர நெடி உள்ளே தேங்கிக் குட்டிகளின் நெஞ்சைப் பாதிக்கும், மேலே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். கால்களை நிலத்தில் நட்ட கட்டைகளோடு சேர்த்துக் கட்டுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட எச்சரிக்கை வந்தால் தாயை ஒரு கூடையிலும், பெட்டியை அப்படியே குட்டிகளோடும் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். பெட்டியைக் கூட்டோடு ஆணியடித்து வைக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பெட்டிதான் உண்மையான கூடு. கைத்தொலைபேசியில் படம் பார்த்துவிட்டுச் சின்சில்லா என்கிற கொறிவிலங்கை வளர்க்கலாமா என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்சில்லாக் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், அன்றைக்கே எழுந்து ஓடும். அந்தீஸ் மலைக் குளிருக்குப் படைக்கப்பட்ட அந்த உயிரை நம்மூர் வெயிலில் வதைக்க வேண்டாம் என்றுதான் அவர்களுக்குச் சொல்கிறேன். முயல்குட்டி அதற்கு நேர்மாறு. பிறந்த முதல் பத்து நாள் அதற்கு உள்ள ஒரே போர்வை தாய் தன் வயிற்றில் பிடுங்கிப் போடுகிற மயிர்.

பெட்டி 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரம் இருந்தால் போதும். பெரிதாகச் செய்தால் தாய் அதையே மலசலகூடமாக்கிவிடும், குட்டிகளும் சிதறிக் குளிர்ந்துபோகும். வர்ணம் பூசாத பலகை எடுங்கள், தாய் கட்டாயம் கறிக்கும். அடிப்பலகையில் சிறு துளைகள் போட்டால் ஈரம் வடியும். வாசல் பக்கம் 6 அங்குல உயரத்துக்குப் பலகை இருக்க வேண்டும். பால் குடித்துக்கொண்டு காம்பைப் பிடித்தபடியே ஒரு குட்டி இருக்கையில் தாய் வெளியே தாவும். அந்தப் பலகையில் தட்டித்தான் குட்டி உள்ளேயே விழும். வெளியே விழுந்தால் தாய் தூக்கிவராது. பூனையைப்போல வாயில் கவ்விச் செல்லும் பழக்கம் முயலுக்கு இல்லை.

கடுவனோடு சேர்த்ததில் இருந்து 27ஆம் நாள் பெட்டியை வையுங்கள். முன்னதாக வைத்தால் அழுக்காக்கும். அடியில் இரண்டு அங்குலம் மரச்சீவல், அதன் மேலே காய்ந்த வைக்கோல். தும்பு போடாதீர்கள், இழை குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். அதே நாள் கடுவன் வேறு கூட்டுக்குப் போய்விட வேண்டும். ஈன்ற சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினைப்படும், பிறகு பால் கொடுக்கிற உடம்புக்கு இரட்டைச் சுமை.

குட்டி போட்ட மறுநாள் வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அக்கா, தாய் கிட்டவே போகுதில்லை, பால் குடுக்குதில்லை.” கொடுக்கிறது. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நேரம் இரண்டு தடவை, இரவிலோ விடியப்புறத்திலோ போய் மூன்று நான்கு நிமிடம் பாலூட்டிவிட்டு வந்துவிடும். பகல் முழுதும் விலகி இருப்பது குட்டி இருக்கிற இடத்தை எதிரிக்குக் காட்டாமல் இருக்கத்தான். அது ஒதுங்கட்டும், பிடித்துப் பெட்டிக்குள் திணிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் காலையில் தாய்க்குக் கொஞ்சம் தீனி கொடுத்துவிட்டு, கையை அதன் வைக்கோலில் தேய்த்துக்கொண்டு, குட்டிகளை மெல்லத் தொட்டுப் பாருங்கள். வயிறு உருண்டு, உடம்பு சூடாக இருந்தால் சரி. தோல் சுருங்கி, வயிறு ஒட்டியிருந்தால்தான் கவலை. செத்த குட்டி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கச்சான் நாளில் குட்டிகள் சிவந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கிடந்தால் மயிர் கூடிப்போச்சு என்று அர்த்தம், பாதியை எடுத்து ஒரு பையில் வையுங்கள். இரவு குளிர்ந்தால் திரும்பப் போடலாம்.

வெளியே கிடக்கும் குட்டி விறைத்திருந்தால் செத்துவிட்டது என்று எறிய வேண்டாம். உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள், பல தடவை அசைந்து எழும்பும். சூடு வந்த பிறகு மற்றக் குட்டிகளின் நடுவில் விடுங்கள்.

10, 12 நாளில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் வெளியே வந்து தாயின் தீனியைக் கொறிக்கும். அப்போது பெட்டியை எடுத்துவிடலாம், கடும் வெயில் காலமென்றால் சில நாள் முந்தியே எடுக்கலாம். பெட்டி இருந்த இடத்துக்கு மேலே, தரையில் இருந்து 10 அங்குல உயரத்தில் ஒரு அடி அகலத் தட்டு ஒன்று பொருத்துங்கள். எந்நேரமும் பாலுக்கு மொய்க்கிற குட்டிகளிடமிருந்து தாய் தாவி ஏறி ஓய்வெடுக்க அந்த ஒரு தட்டுத்தான் இடம். அதற்கு இடம் விட்டுத்தான் 2 அடி உயரம் சொன்னேன். தண்ணீருக்கு ஆழமான கோப்பை வேண்டாம், குட்டி விழுந்து மூழ்கும். தட்டையான, கனமான மண்சட்டி போதும். நிப்பிள் போத்தல் வைப்பதென்றால் தாய்க்கு ஒன்று, குட்டியின் உயரத்துக்கு இன்னொன்று.

கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் நாகம் பூசிய வலையும் துருப்பிடிக்கும். மூத்திரம் படுகிற மூலைகளில்தான் முதலில் அரிக்கும். ஒவ்வொரு ஈற்றுக்கும் முன்னால் அந்த மூலைகளைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், நெளிந்தால் துண்டு வைத்துக் கட்டுக்கம்பியால் தையுங்கள். கீழே விழுந்த புழுக்கையை இரண்டு நாளுக்கு ஒருதடவை வாரி வாழைக்குப் போடலாம்.

6 முதல் 8 வாரத்துக்குள் குட்டிகளைப் பிரிக்கலாம். குட்டிகளை எடுப்பதைவிடத் தாயை வேறு கூட்டுக்கு மாற்றுவது நல்லது. பழகிய இடத்திலேயே இருந்தால் குட்டிகள் தீனியைக் குறைக்காது. மூன்று மாதம் ஆவதற்குள் கடுவன் குட்டிகளையும் பெட்டைக் குட்டிகளையும் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். காலியான பெட்டியைக் கொதிநீரில் கழுவி, வினாகிரி தேய்த்து மூத்திரக் கறையைப் போக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் அடுத்த ஈற்றுக்கு எடுக்க வேண்டும்.