550 யூனிட் வெயிலும் ஒரு துண்டுக் கயிறும்: உணவுச் சங்கிலியில் ஆற்றல் கணக்குப் போடுவது எப்படி?

எட்டாம் வகுப்பு படிக்கிற மகளுக்காக அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சார்ட் தயார் செய்தோம். புல், மான், புலி என்று அழகாக வரைந்து, அம்புக்குறி எல்லாம் போட்டு, ஓரத்தில் மினுமினுப்பு வேறு ஒட்டினோம். பார்க்க வந்த நடுவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, புலிகிட்டேயிருந்து மானுக்கு என்ன போகுது?" மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த கண்காட்சிக்கு முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை புலி, மான் எதுவும் இல்லை. மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் என் மாமாவின் குறுவை வயல்தான் களம். ஒளிச்சேர்க்கை, உற்பத்தியாளர், நுகர்வோர் என்றால் என்ன என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப்போவதில்லை.

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில், போன் கால்குலேட்டர், 12 மீட்டர் கொச்சக் கயிறு. பவர்பாயிண்ட் வேண்டாம். கம்ப்யூட்டரில் வரைந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே அளவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பாடமே அந்தப் பெட்டிகளின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதுதான்.

படி 1: இடத்தைச் சுருக்குங்கள்

'காடு', 'கடல்' என்று ஆரம்பித்தால் கணக்கு கைக்குள் நிற்காது. ஒரு சதுர மீட்டர் போதும். நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, அதற்குள் என்ன வருகிறது, என்ன போகிறது என்று மட்டும் பாருங்கள். வயல் இல்லாதவர்கள் மொட்டை மாடித் தோட்டத்திலோ தெருமுனைக் குளத்திலோ செய்யலாம்.

படி 2: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

நாங்கள் பார்த்தவை: நெல், வெட்டுக்கிளி, இலைச்சுருட்டுப் புழு, புகையான், சிலந்தி, தட்டான், தவளை, நண்டு, எலி, கொக்கு, வரப்பில் ஓடிய ஒரு சாரைப்பாம்பு. ஆந்தையை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் அது வந்து போனதற்கு அத்தாட்சி கிடைத்தது, அது படி 5-ல்.

படி 3: அம்புக்குறி (நான் விழுந்த இடம்)

எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். காரணம் நம் வாக்கிய அமைப்பு என்று நினைக்கிறேன். 'எலி நெல்லைத் தின்கிறது' என்கிறோம். எலி முன்னால், நெல் பின்னால். கை தானாகவே எலியிலிருந்து நெல்லுக்குக் கோடு இழுத்துவிடும். தின்கிறவர் தின்னப்படுவதைப் பார்த்துப் பாய்கிற மாதிரி மனசுக்குள் ஒரு படம் ஓடுகிறது.

ஆனால் அம்புக்குறி காட்டுவது யார் யார்மேல் பாய்கிறார் என்பதை அல்ல, ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்பதை. நெல்லில் இருந்தது எலி வயிற்றுக்குள் போகிறது. ஆகவே அம்பு நெல்லிலிருந்து எலிக்கு.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி நான்காம் வேற்றுமை. வாக்கியத்தை 'கு' போட்டு மாற்றிச் சொல்லுங்கள். 'நெல் எலிக்கு. எலி சாரைக்கு. நெல் வெட்டுக்கிளிக்கு. வெட்டுக்கிளி தவளைக்கு. தவளை சாரைக்கு.' எந்தப் பெயரில் 'கு' ஒட்டுகிறதோ அங்கேதான் அம்பின் முனை. தமிழ் இலக்கணம் அறிவியல் மார்க்குக்கு உதவும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எல்லா அம்பும் போட்டு முடித்ததும் பார்த்தால், சங்கிலி மாதிரி இருக்காது, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். அதற்குப் பெயர்தான் உணவு வலை. கணக்குக்கு அதிலிருந்து ஒரே ஒரு இழையை உருவிக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது: நெல் → வெட்டுக்கிளி → தவளை → சாரை.

படி 4: வெயிலை இ.பி. யூனிட்டில் அளங்கள்

புத்தகத்தில் கிலோ கலோரி, ஜூல் என்று போட்டிருப்பார்கள். எனக்கு அது மனசில் நிற்பதே இல்லை. மின்சாரக் கட்டண அட்டையில் வருகிற யூனிட் என்றால் எவ்வளவு என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒரு யூனிட் என்பது சுமார் 860 கிலோ கலோரி. அதுவும் ஆற்றல்தான், இதுவும் ஆற்றல்தான்.

நம் பக்கம் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. குறுவை 110 நாள் பயிர். ஆக 550 யூனிட்.

இனி விளைச்சல். மாமாவுக்கு ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 33 கிடைத்தது. கிட்டத்தட்ட 2,000 கிலோ. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு அரை கிலோ நெல். வைக்கோலும் ஏறத்தாழ அதே எடை. வேர், தாள்கட்டை எல்லாம் சேர்த்து, ஈரத்தைக் கழித்து, ஒரு கிலோ காய்ந்த பொருள் என்று வைத்துக்கொண்டோம். காய்ந்த தாவரப் பொருள் ஒரு கிலோவில் சுமார் 4,000 கிலோ கலோரி. அது நாலரை யூனிட் சொச்சம்.

வந்தது 550. பயிரில் தங்கியது 4.5. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.8 தான்.

இதைப் பார்த்து மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் என்ன உரம் போடாமலா விட்டேன்?" மாமா மேல் குறையில்லை. வெயிலில் ஏறத்தாழ பாதிதான் இலைக்குப் பயன்படுகிற ஒளி. நட்ட முதல் சில வாரங்கள் வெயில் பெரும்பாலும் தண்ணீர்மேலும் சேற்றின்மேலும்தான் விழுகிறது. பிடித்ததிலும் ஒரு பெரிய பங்கைச் செடி தானே சுவாசித்துச் செலவழித்துவிடுகிறது.

படி 5: 'பத்தில் ஒரு பங்கு' எங்கிருந்து வருகிறது, மிச்சம் எங்கே போகிறது

ஒரு மட்டத்தில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த மட்டத்துக்குப் போகும் என்கிற பத்து விழுக்காடு விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்கர் மினசோட்டாவில் உள்ள சீடர் பாக் ஏரியை ஆராய்ந்து 1942-ல் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு வேர். கட்டுரை அச்சாகும் முன்பே, 27 வயது நிறைவதற்குள், அவர் இறந்துவிட்டார். அவருடைய ஏரியில் வந்த எண்களில் கச்சிதமான பத்து எங்கேயும் இல்லை. தாவர உண்ணிகளுக்கு 13.3 சதவீதம், அவற்றைத் தின்கிறவைக்கு 22.3 சதவீதம். பத்து என்பது ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான்.

மிச்சம் தொண்ணூறும் 'வெப்பமாக வெளியேறுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இழப்பு மூன்று இடத்தில் நடக்கிறது. தின்னப்படாமல் போவது, தின்றும் செரிக்காமல் போவது, செரித்த பிறகு உடம்பு எரித்துவிடுவது.

முதல் வகைக்கு எலி வளையைப் பாருங்கள். அறுவடைக்குப் பின் வளையை வெட்டினால் உள்ளே கதிர்கதிராக நெல் அடுக்கி வைத்திருக்கும். எலி தூக்கிக்கொண்டுதான் போனது, ஆனால் தின்னவில்லை. அது எலியின் கணக்கில் சேராது.

இரண்டாவதுக்கு ஆந்தை. மாமாவின் மோட்டார் கொட்டகை மூலையில் கட்டைவிரல் அளவில் கறுப்பாக நாலைந்து உருண்டைகள் கிடந்தன. மகள் எச்சம் என்று நினைத்து "ச்சீ" என்றாள். எச்சம் இல்லை. இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காததை ஆந்தை வாய்வழியாக உருண்டையாகக் கக்கும். ஒன்றைக் கையுறை போட்டு எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் மெல்லப் பிரித்தோம். முதலில் சாம்பல் நிற மயிர், ஈரப் பஞ்சு மாதிரி. பிறகு ஒரு விலா எலும்பு, நூல் கனம். கடைசியில் ஒரு கீழ்த்தாடை, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, முன்பல் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே இருந்தது. எலியின் உடம்பிலிருந்து ஆந்தை எடுத்துக்கொள்ள முடியாமல் விட்ட பங்கு அது. சார்ட்டில் எழுதிய எந்த வரியைவிடவும் அந்தத் தாடையைத்தான் மகளின் தோழிகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. எலி, ஆந்தை போன்ற வெப்ப இரத்த விலங்குகள் செரித்த உணவில் பெரும்பங்கை உடம்புச் சூட்டைக் காக்கவே எரித்துவிடும். சதையாகச் சேருவது நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான். வெட்டுக்கிளி மாதிரி பூச்சிகள் அப்படியில்லை, 40 வரைகூடச் சேர்க்கும். எல்லாவற்றையும் அடித்துச் சமப்படுத்தித்தான் பத்து.

இப்போது பத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். நெல் 4.5 யூனிட். வெட்டுக்கிளி 0.45. தவளை 0.045. சாரை 0.0045 யூனிட். அதாவது, 110 நாள் அடித்த வெயிலில் பாம்பின் உடம்புக்கு வந்து சேர்ந்ததை வைத்து ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை அரை மணி நேரம் எரிக்கலாம். இதுவும் உச்சவரம்புதான். நிஜ வயலில் நெல்லில் பெரும்பங்கு லாரி ஏறிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. அங்கே முதல்நிலை நுகர்வோர் நாம்தான்.

படி 6: கயிற்றை வெட்டுங்கள்

நெல்லுக்கு 10 மீட்டர். வெட்டுக்கிளிக்கு 1 மீட்டர். தவளைக்கு 10 சென்டிமீட்டர். சாரைக்கு 1 சென்டிமீட்டர். வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். இதே அளவில் சூரியனுக்குக் கயிறு வேண்டுமென்றால் ஒண்ணேகால் கிலோமீட்டர் வேண்டும். மகள் அதை 'பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டைத் தாண்டி' என்று அட்டையில் எழுதி வைத்தாள்.

படி 7: சிதைப்பவைகளை மறக்காதீர்கள்

முதல் சார்ட்டில் இவற்றை மூலையில் ஒரு காளானாக வரைந்து தப்பித்திருந்தோம். தாள்கட்டை, உதிர்ந்த இலை, சாணி, செத்த பூச்சி எல்லாம் பாக்டீரியா, பூஞ்சை, மண்புழு பக்கம்தான் போகின்றன. வயலில் பாம்பு வழியாகப் போவதைவிட இந்த வழியில் போவது எத்தனையோ மடங்கு. தண்ணீர் கட்டிய சேற்றில் காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கொஞ்சத்தை மீத்தேன் வாயுவாகவும் விடுகின்றன.

இன்னொன்று. 'ஆற்றல் சுழற்சி' என்று தலைப்புப் போடாதீர்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்ணுக்குத் திரும்பி மறுபடி பயிருக்கு வரும், அவை சுழலும். ஆற்றல் வெப்பமாகப் போனால் போனதுதான். மீண்டும் வெயில் அடிக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: தாவரத்தை அடியில் வைத்து, தின்கிறவற்றை மட்டம் மட்டமாக மேலே அடுக்கி வரைகிற பிரமிடு எப்போதும் நேராகத்தான் நிற்குமா என்று சிலர் கேட்டார்கள். எண்ணிக்கைப் பிரமிடு தலைகீழாகலாம்: ஒரே புளியமரம், அதில் ஆயிரக்கணக்கில் பூச்சி. உயிரித்திரள் (அந்தந்த மட்டத்து உயிர்களின் மொத்த எடை) பிரமிடும் கடலில் கவிழலாம், ஏனென்றால் மிதக்கும் பாசி தின்னப்படும் வேகத்திலேயே மறுபடி பெருகுகிறது. ஆற்றல் பிரமிடு மட்டும் கவிழாது. நிஜமாக அளந்த எண் வேண்டுமென்றால் ஹோவர்ட் ஓடம் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் அளந்து 1957-ல் வெளியிட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு ஆண்டுக்குக் கிலோ கலோரியில்: தாவரம் 20,810, தாவர உண்ணி 3,368, ஊன் உண்ணி 383, உச்சி ஊன் உண்ணி 21.

பின்சேர்க்கை 2: நாமக்கல்லிலிருந்து ஒரு அண்ணன் மடக்கினார். "பிராய்லர் கோழி 1.7 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ ஏறுதே, உங்க பத்து எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. ஒரு வாரம் யோசித்தேன். முதலாவது, தீவனம் காய்ந்தது, கோழியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். எடையை விட்டு ஆற்றலில் போட்டால் சுமார் 30 சதவீதம்தான் நிற்கிறது. அதுவும் பத்தைவிட அதிகம்தானே என்றால், அது ஓடியாடாத, குளிரில் நடுங்காத, ஆறு வாரத்தில் வளர்ச்சி வேகத்திலேயே கடைக்குப் போகிற குஞ்சு. காட்டில் இருக்கிற கோழி வளர்ந்து முடித்த பிறகும் வருஷக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும், எடை ஏறாது. அண்ணன் ஒத்துக்கொண்டார். தாய்க்கோழி தின்ற தீவனத்தை நான் சேர்க்கவில்லை என்று அவரே அடுத்த ஓட்டையையும் காட்டினார்.

பின்சேர்க்கை 3: 1 சென்டிமீட்டர் துண்டை முதலிலேயே செல்லோடேப் போட்டுத் தரையில் ஒட்டிவிடுங்கள். எங்கள் சாரை மதியத்துக்குள் யாரோ ஒருவர் செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. தவளைக் கயிற்றின் நுனியை வெட்டித்தான் புதுப் பாம்பு செய்தோம்.