புழு மருந்து ஏன் கேட்காமல் போகிறது? ஆடு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்மறி ஆட்டின் கீழ் இமையைக் கட்டை விரலால் மெல்ல இழுத்தால் உள்ளே ஈரமாக ஒரு சிவப்பு தெரியும். நல்ல ஆட்டுக்கு அது செம்பருத்தி இதழ் மாதிரி இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், எங்கள் பட்டியில் ஒரு குட்டியின் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுத்துக் கிடந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. மேய்ந்து திரும்பும் மாலையில் அந்த வீக்கம் பெரிதாகும், விடிந்து பார்த்தால் வற்றியிருக்கும். சரி, தானாக வற்றுகிறதே என்று விட்டுவிட்டோம். இரண்டே நாளில் குட்டி போய்விட்டது. பின்னாலேயே இன்னும் நான்கு.

எனக்கு ஆறாதது என்னவென்றால், அந்தக் குட்டிக்குப் புழு மருந்து கொடுத்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

கால்நடை மருத்துவர் வந்து செத்த குட்டியின் நான்காவது வயிற்றைக் கீறிக் காட்டினார். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய தையல் நூல் போல நூற்றுக்கணக்கில் புழுக்கள் நெளிந்தன. ரத்தம் நிறைந்த குடல்தான் அந்தச் சிவப்பு. அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகும் சூலகம் வெள்ளை. ஹீமோன்கஸ் கன்டார்டஸ் என்பது இதன் பெயர். பெண் புழு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு புழு ஒரு நாளில் ஏறத்தாழ 0.05 மில்லி ரத்தத்தை ஆட்டிடமிருந்து எடுத்துவிடும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இருபது கிலோ குட்டியின் உடம்பில் இருப்பதே சுமார் ஒன்றேகால் லிட்டர்தான்.

அன்று மருத்துவர் சொன்ன ஒரு கணக்கு என் கண்ணைத் திறந்தது. புல்லோடு உள்ளே போன இளம்புழு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மருந்து கொடுத்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது, ஆனால் வயிற்றில் முழுதாக வளர்ந்த பெண் புழுக்கள். அப்படியென்றால் அவை மருந்துக்குப் பிறகு புதிதாக வந்தவை அல்ல. மருந்தைக் குடித்தும் சாகாதவை.

"புழு மருந்துக்குப் பழகிடுச்சு"

ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது இது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எந்தப் புழுவும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகுவதில்லை. ஒரு பெண் புழு ஒரு நாளில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை இடுகிறது. இத்தனை கோடி உயிர்களில் எங்கோ சிலவற்றுக்கு, அந்த மருந்து பிடிக்காத ஒரு மரபு மாற்றம் தற்செயலாக முன்பே இருக்கும். அல்பென்டசோல் வகை மருந்துகள் புழுவின் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டித்தான் அதைக் கொல்கின்றன. அந்தப் புரதத்தின் 200-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தால் போதும், மருந்து சரியாக ஒட்டாது. மருந்து வருகிறது, மற்றதெல்லாம் சாகிறது, இது நிற்கிறது. அடுத்த தலைமுறை இதன் பிள்ளைகள். இதுதான் இயற்கைத் தேர்வு, நம் பட்டிக்குள்ளேயே நம் கையாலேயே நடக்கிறது.

எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. இந்த வகையின் முதல் மருந்தான தயாபென்டசோல் 1961-இல் வந்தது. 1964-லேயே அமெரிக்காவில் அதற்கு அடங்காத ஹீமோன்கஸைப் பதிவு செய்துவிட்டார்கள். வேறு வகை மருந்தான ஐவர்மெக்டின் 1981-இல் சந்தைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்த வேலைக்காகத்தான் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் காம்பெல்லுக்கும் 2015-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட மருந்தும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்க ஆட்டுப் பண்ணைகளில் தோற்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பதிவாகியிருக்கின்றன.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் கொடுப்பது

நாங்கள் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான். மழைக்காலம் முழுக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நாற்பது ஆட்டையும் வரிசையாகப் பிடித்து வாயில் ஊற்றுவோம். ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று சாக்பீஸால் குறி வேறு போடுவோம். கூடவே இன்னொரு காரியமும் செய்தோம். மருந்து கொடுத்த அன்றே, ஆடு நுழையாமல் காத்து வைத்திருந்த புதுக் காட்டுக்கு மந்தையை ஓட்டிவிடுவோம். சுத்தமான ஆடு, சுத்தமான புல் என்ற கணக்கு.

புழுவின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். மருந்து எல்லா ஆட்டு வயிற்றையும் கழுவிவிட்டது. மிஞ்சியவை சாகாத புழுக்கள் மட்டும். அவற்றின் முட்டைகளை மட்டும் சுமந்துகொண்டு ஆடுகள் புதுக் காட்டுக்குப் போகின்றன. அங்கே வேறு புழுவே கிடையாது. அந்தக் காடு முழுக்க அடங்காத புழுவின் வாரிசுகளே பரவும். நாற்றங்காலில் களை விதையை மட்டும் பொறுக்கி விதைத்த கதைதான்.

மருந்து படாத புழுக்கள் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். புல்லில் கிடக்கும் இளம்புழுக்களும், மருந்து கொடுக்காமல் விட்ட ஆட்டின் வயிற்றில் இருப்பவையும்தான் அந்த இருப்பு. ஆய்வாளர்கள் இதைப் புகலிடம் என்கிறார்கள். அடங்காத புழு இந்தச் சாதாரணப் புழுவோடு இணை சேர்ந்தால் பிள்ளைக்கு அந்த மாற்றம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வரும். அல்பென்டசோல் வகையைப் பொறுத்தவரை, அப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் முழு அளவு மருந்துக்குச் செத்துவிடும். புழுவை ஒழிக்க நினைப்பவன் புழுவை மிச்சம் வைக்க வேண்டும் என்பதை என் மனம் ஏற்க ஒரு வருடம் ஆனது.

அப்படியானால் யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? இங்கேதான் இயற்கை நமக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எந்த மந்தையிலும் புழு சமமாகப் பரவியிருக்காது. ஐந்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கும். மற்றவற்றில் சொற்பம். நாற்பதுக்கும் ஊற்றுவதில் முப்பது வீண். வீண் மட்டுமில்லை, கெடுதலும்.

அந்தப் பத்து ஆட்டைக் கண்டுபிடிக்க இமை போதும். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் இதற்கென்றே ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை உருவாக்கினார்கள். நல்ல சிவப்பு ஒன்று, வெளிறிய வெள்ளை ஐந்து. இமை உட்புறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, நான்கும் ஐந்தும் வந்தால் கட்டாயம் மருந்து. மூன்றில் இருப்பது குட்டியோ சினை ஆடோ பால் கொடுக்கும் ஆடோ என்றால் அதற்கும் கொடுத்துவிடுவது நல்லது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், பகல் வெளிச்சத்தில், இரண்டு கண்ணையும். ரத்தம் எடுக்கும் புழுவுக்கு மட்டும்தான் இந்த முறை. கல்லீரல் தட்டைப்புழு, உண்ணி போன்றவற்றாலும் இமை வெளுக்கும். அதனால் குழப்பமாக இருந்தால் புழுக்கையை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

பெயர் மாறினால் மருந்து மாறியது என்று நினைப்பது

அல்பென்டசோல் கேட்கவில்லை என்று ஃபென்பென்டசோல் வாங்கினோம். டப்பா வேறு, நிறம் வேறு, விலையும் கூட. ஆனால் இரண்டும் ஒரே வகை, ஒரே புரதத்தில் ஒட்டுபவை. ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் சாகாது. கேட்க வேண்டியது எந்த வகை மருந்து என்பதை.

மருந்து வேலை செய்கிறதா என்பதையும் ஊகத்தில் விடக் கூடாது. மருந்து கொடுக்கும் அன்று புழுக்கையில் முட்டை எண்ண வேண்டும், பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்தின் மேல் சந்தேகம் வைக்க வேண்டியதுதான்.

கண்ணளவில் எடை போடுவதும் இதோடு சேர்ந்தது. முப்பத்தைந்து கிலோ ஆட்டை இருபத்தைந்து என்று மதித்து மருந்து கொடுத்தால், முழு அளவுக்குச் செத்திருக்க வேண்டிய அரைகுறைப் புழுக்களும் பிழைத்துக்கொள்ளும். மேலே சொன்னேனே, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மாற்றம் வாங்கிய பிள்ளைகள், அவைதான். தராசு இல்லையென்றால் மந்தையில் கனமான ஆட்டின் எடையைக் கணக்கில் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பென்டசோல் கூடாது, குட்டி ஊனமாகும். அப்போது மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

வெள்ளாட்டைச் சின்னச் செம்மறியாக நினைப்பது

வெள்ளாடு ஏன் வேலி மேல் காலைத் தூக்கி வைத்து இலையை எட்டிக் கடிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் முன்னோர் புதரும் கொழுந்தும் தின்று வளர்ந்தவை. புழுவின் குஞ்சுகள் இருப்பது தரையை ஒட்டிய புல்லில். தலைமுறை தலைமுறையாக வாயை மேலே வைத்திருந்த ஆட்டுக்கு இந்தப் புழுவோடு மோத வேண்டிய தேவை குறைவாகவே இருந்தது. அதனால் செம்மறிக்கு வயது ஏற ஏற வரும் எதிர்ப்பு, வெள்ளாட்டுக்கு அந்த அளவு வருவதில்லை. இலைதழையில் உள்ள கசப்புகளை முறித்துப் பழகிய உடம்பு மருந்தையும் சீக்கிரம் முறித்துவிடுகிறது. ஆகவே செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது. எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வெள்ளாட்டைக் குட்டைப் புல்லில் அடைத்து மேய்க்காமல் அகத்தி, சூபாபுல், கிளுவை என்று தழை கட்டித் தொங்கவிடுவது.

பனி ஈரத்தில் பட்டியைத் திறப்பது

"பனி இறங்காம பட்டியத் தொறக்காதடா" என்று பெரியப்பா தினமும் சத்தம் போடுவார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, அவர் அப்பா சொன்னார் என்பார். காரணம் இருக்கிறது. புழுக்கையில் விழுந்த முட்டை, வெயிலும் ஈரமும் சரியாக அமைந்தால், ஒரு வாரத்திலேயே ஆட்டைத் தொற்றக்கூடிய குஞ்சாகிவிடும். அந்தக் குஞ்சு ஈரப்படலம் இல்லாமல் நகராது. பனியும் மழைநீரும் புல்லின் மேல் பூசிய மெல்லிய நீரில் நெளிந்துதான் ஏறுகிறது. அதிலும் பெரும்பாலானவை தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தைத் தாண்டுவதில்லை.

அந்தப் பருவத்தில் அதற்குச் சாப்பிடவும் முடியாது. பழைய தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டிருப்பதால் வாய் மூடியிருக்கும். சேர்த்து வைத்த கொழுப்பில் உயிர் வாழ்கிறது. குளிர்ந்த ஈரத்தில் மாதக்கணக்கில் தாங்கும், வெயில் ஏறினால் வேகமாகச் செலவழித்துச் சில வாரங்களில் தீர்ந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயில் செலவில்லாத புழு மருந்து. ஆனால் கோடையில் புழு மொத்தமாக ஒழிந்தது என்று நினைத்தால் அதுவும் தவறு. ஆட்டின் வயிற்றுச் சுவரிலேயே வளராமல் உறங்கிக் கிடந்து, மழை வந்ததும் விழித்துக்கொள்ளும் குஞ்சுகளும் உண்டு.

ஆடு மேய்ந்த இடத்தில் அடுத்து மாட்டை விடலாம். இந்தப் புழு மாட்டு வயிற்றில் சரியாகப் பிழைப்பதில்லை, மாடு மேயும்போது குஞ்சுகள் குறைகின்றன.

"ஒட்டுண்ணி தான் இருக்கும் வீட்டை இடிக்காது"

படித்தவர்கள் வாயிலும் கேட்கிறேன், நாளாக நாளாக ஒட்டுண்ணி சாதுவாகிவிடும் என்று. அப்படி எந்த விதியும் இல்லை. அதிக ரத்தம் எடுத்து அதிக முட்டை போடும் புழு, ஆடு சாவதற்குள் போதுமான வாரிசை வெளியே அனுப்பிவிட்டால் அதற்கு நஷ்டமில்லை. காட்டு ஆடுகள் இன்று ஒரு மலை, நாளை ஒரு மலை என்று போய்விடும். தான் போட்ட புழுக்கையின் மேலேயே மறுபடி மேயாது. நாமோ ஒரு ஏக்கரில் நாற்பது ஆட்டை அடைத்து, திரும்பத் திரும்ப அதே புல்லைத் தின்ன வைக்கிறோம். எங்கள் குட்டிகள் செத்ததில் புழுவுக்கு உள்ள பங்கு பாதி, எங்கள் வேலிக்குப் பாதி.

கொழுகொழுவென்று இருப்பதால் ஆட்டுக்குப் புழு இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. புழுவை உள்ளே தங்கவிடாமல் தள்ளும் ஆடு ஒரு வகை. புழுவைச் சுமந்துகொண்டே தாங்கி நிற்கும் ஆடு இன்னொரு வகை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் இரண்டாவது வகை காடு முழுக்க முட்டையைக் கொட்டிக்கொண்டிருக்கும். குட்டி போடும் சமயத்தில் எதிர்ப்பு தளர்வதால் தாய் ஆடுகளும் இப்படித்தான்.

கென்யாவின் செம்மாசாய் ஆடும் சுந்தரவனச் சதுப்பில் முழங்கால் தண்ணீரில் மேயும் காரோல் ஆடும் இந்தப் புழுவுக்குச் சுலபத்தில் சாய்வதில்லை. புழு மிகுந்த இடத்தில் பல தலைமுறை தாங்கியவற்றின் குட்டிகள் அவை. அதனால் இப்போது எங்கள் பட்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். காது எண், தேதி, இமை நிறம், மருந்து கொடுத்தோமா இல்லையா, அவ்வளவுதான். ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை மருந்து கேட்ட பெட்டையின் குட்டியைப் பட்டியில் நிறுத்துவதில்லை. சந்தையில் வாங்கும் ஆடு பத்து, பதினைந்து நாள் தனிக் கொட்டகையில் இருந்து, புழுக்கைப் பரிசோதனை முடிந்த பிறகே மந்தையில் சேரும். இந்த வருடம் பொலிக்கு நிறுத்தியிருக்கும் கிடாயின் தாய் பதினேழாம் எண். இரண்டு மழைக்காலமாக அதன் பெயருக்கு நேரே மருந்துக் கட்டம் காலியாகவே இருக்கிறது. புழுக்கையில் முட்டையும் எண்ணிப் பார்த்தோம், குறைவுதான்.