இலையாகவே தழைத்த குண்டுமல்லி

மாடித் தொட்டியில் இருக்கும் குண்டுமல்லி போன கோடையில் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. இலை மட்டும் கரும்பச்சையாக அடர்ந்து நின்றது.

சத்துக் குறைவு என்று நினைத்துக் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். இன்னும் தழைத்தது. தழைச்சத்து கூடினால் அப்படித்தான் ஆகும். அப்புறம் வாழைப்பழத் தோல் தண்ணீர், நாள் முழுக்க வெயில் படும் மூலை. பலனில்லை. நுனிகளை நாலு விரல் அளவு கிள்ளிவிட்டேன். வெட்டிய இடத்துக்குக் கீழே மெலிந்த துளிர்கள் வந்தன, அவற்றில் ஏழெட்டு மொட்டு.

அந்த மொட்டுகள்தான் விஷயத்தைக் காட்டின. எல்லாமே புதுத் துளிரின் நுனியில் இருந்தன, பழைய குச்சியில் ஒன்றுகூட இல்லை.

நவம்பர் கடைசியில் சில நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, மண்ணிலிருந்து 50 செ.மீ. விட்டு மொத்தமாகக் கவாத்து செய்தேன், அதாவது அதற்கு மேலே இருந்த கிளைகளை வெட்டிவிட்டேன். காய்ந்த குச்சி, உள்ளே குறுக்கே போன குச்சி எல்லாம் போனது. மிச்சமிருந்த இலைகளையும் எடுத்தேன். இங்கேதான் கவனம் வேண்டும். முதலில் இரண்டு கிளைகளில் இலையைக் கீழ்நோக்கி உருவிவிட்டேன். பட்டை உரிந்து, இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு குச்சியோடு சேரும் இடுக்கில், இருந்த கடுகளவு முளையும் கூடவே வந்துவிட்டது. அந்த இரண்டு கிளையிலும் உருவிய கணுக்கள் துளிர்க்கவே இல்லை. மற்றவற்றில் இலைக்காம்பில் கொஞ்சம் விட்டுக் கத்தரித்தேன். காம்பு தானாகக் காய்ந்து விழுந்தது, முளை தப்பியது.

துளிர் வந்த பிறகு மட்கிய சாணம் போட்டு, வழக்கம்போல் தண்ணீர் விட்டேன். மார்ச்சில் தினம் ஒரு முழம் கட்டுகிற அளவுக்குப் பூ. மனசு நிறைந்துவிட்டது. இப்போது பூத்து முடிந்த குச்சியை இரண்டு கணு கீழே வெட்டிவிடுகிறேன். அடுத்த துளிரிலும் மொட்டு வருகிறது.