நடத்தை மாறினால் விலங்கு பிழைத்துக்கொண்டது என்று பொருளா? களஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழல் மாற்றத்துக்கு விலங்குகள் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று ஆராய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நடத்தை மாறியதைக் கண்டதுமே 'தகவமைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த வைத்தம் காட்டில் கிரேட் டிட் குருவிகளை 1947 முதல் கண்காணித்து வருகிறார்கள். 1960-களில் இட்டதைவிட அவை சுமார் இரண்டு வாரம் முந்தி முட்டையிடத் தொடங்கிவிட்டன. பரிணாமம் கண்முன் நடக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் காலில் வளையமிட்ட பறவைகளின் பதிவைப் பார்த்தால், ஒரே பெட்டைதான் வெப்பமான வசந்தத்தில் முந்தியும் குளிர்ந்த வசந்தத்தில் பிந்தியும் இடுகிறது. மரபணு மாறாமலே நடக்கும் நெகிழ்வு இது. பரிணாமம், நெகிழ்வு இரண்டையும் பிரித்தறிய, அடையாளமிட்ட தனி உயிர்களைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். அல்லது வெவ்வேறு இடத்துக் குஞ்சுகளை ஒரே சூழலில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழிக்கும் பிளாக்கேப் பறவைகளின் குஞ்சுகளைக் கூண்டில் வளர்த்தபோது, பெற்றோர் பறந்த திசையையே அவையும் நாடின. 1992-இல் வெளியான அந்தச் சோதனையை மரபுவழி மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டலாம். முட்டையிட்ட தேதிகளின் சராசரியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

மாறியது போதுமா என்பது அடுத்த கேள்வி. முட்டையிடத் தொடங்கிய நாளிலிருந்து குஞ்சுகளின் பசி உச்சத்தைத் தொட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த நாளில் குஞ்சுகளுக்கு இரையாகும் புழு மரத்தில் மிகுந்திருக்க வேண்டும். நெதர்லாந்தின் ஹோஹே வெலூவெ காட்டில் புழுப் பருவம் வேகமாக முந்திவர, குருவிகள் அந்த அளவுக்கு முந்தவில்லை. எனவே முட்டைத் தேதியோடு புழு உச்சத்தின் தேதியையும், கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். இவை இல்லாமல் 'ஈடுகொடுத்துவிட்டது' என்று எழுதுவது வெறும் ஊகம்.

மிகவும் ஆபத்தான தவறு, ஆளைக் கண்டு ஓடாத விலங்குக்குத் தொந்தரவில்லை என்று முடிவு கட்டுவது. கல்திருப்பி உள்ளான் என்ற கடற்கரைப் பறவைகளில் சிலவற்றுக்குக் கூடுதல் இரை கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தவைதான் ஆள் தொலைவில் வரும்போதே பறந்தன. இரை போதாதவை கடைசிவரை மேய்ந்துகொண்டிருந்தன. அந்த இடத்தை விட்டுப்போக அவற்றுக்குக் கட்டுப்படியாகவில்லை. இதைக் கவனிக்காமல் பாதுகாப்புத் திட்டம் போட்டால், உதவி மிகத் தேவைப்படும் கூட்டத்தைத்தான் கைவிடுவோம். ஆள் எவ்வளவு நெருங்கியதும் விலங்கு ஓடுகிறது என்ற விலகும் தூரத்தை அளக்கும்போது, அதை நோக்கி ஒரே வேகத்தில் நேர்கோட்டில் நடங்கள். நடக்கத் தொடங்கிய தூரத்தையும் குறியுங்கள். தொலைவிலிருந்து தொடங்கினால் விலகும் தூரமும் பெரும்பாலும் கூடும். கூட்டத்தின் அளவு, அருகிலுள்ள மறைவிடம், இரை கிடைக்கும் அளவு மூன்றும் அதே தாளில் இருக்கட்டும்.

கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் சண்டையும் துரத்தலும் மிகுந்து, படுத்திருப்பதும் அசைபோடுவதும் காணாமல் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, கூட்டத்திலுள்ள ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று வரிசையாகக் குறியுங்கள். பகலில் மட்டும் கணக்கெடுப்பதும் ஏமாற்றும். மனித நடமாட்டம் உள்ள இடங்களில் பாலூட்டிகள் இரவுக்கு மாறுவதை 62 இனங்களின் தரவுகளைத் தொகுத்த 2018 ஆய்வு காட்டியது. தானியங்கிக் கேமராவை 24 மணி நேரமும் ஓடவிடாவிட்டால், நேரம் மாறியதை எண்ணிக்கை குறைந்ததாகப் படித்துவிடுவோம்.

ஒரு விலங்கின் நடத்தையே நிலப்பரப்பு முழுவதையும் மாற்றிவிட்டது என்ற கதைகளிலும் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995-96-இல் ஓநாய்களைத் திரும்ப விட்டதும், பயந்த எல்க் மான்கள் மேய்ச்சலை மாற்ற, ஆற்றோர வில்லோ மரங்கள் தழைத்தன என்பது பரவலான விளக்கம். ஆனால் வேலியிட்டு மான்களைத் தடுத்த இடங்களிலும், பீவர் என்ற கொறிவிலங்குகள் கட்டும் அணைபோல ஓடையைத் தடுத்து நீர்மட்டத்தை உயர்த்தாதவரை வில்லோ நன்றாக உயரவில்லை. மான்களின் எண்ணிக்கையும் அதே ஆண்டுகளில் குறைந்தது. அதற்கு ஓநாய் மட்டும் காரணமில்லை, கரடியும் வேட்டையும் வறட்சியும் உண்டு. இத்தகைய இடத்தில் மான்களின் எண்ணிக்கை, ஒரு மான் ஓரிடத்தில் மேயும் நேரம், நிலத்தடி நீர்மட்டம் மூன்றையும் தனித்தனியே அளந்த பிறகுதான் எதற்கு எவ்வளவு பங்கு என்று பேச முடியும்.