மின்சாரம் வேண்டாத ப்ரீஆம்ப்: பொட்டென்ஷியோமீட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிடி பிளேயர்கள் பொதுவாக 2 வோல்ட் வரை சிக்னல் தருவதாலும், பல பவர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஏறக்குறைய 1 வோல்ட்டே போதுமென்பதாலும், இடையில் சிக்னலைப் பெருக்காமல் ஒலியளவை மட்டும் குறைக்கும் பாஸிவ் ப்ரீஆம்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தேவையானவை: ஓர் உலோகப் பெட்டி, ஆடியோ கேபிள்களைச் செருகும் நான்கு ஆர்சிஏ சாக்கெட்டுகள், 10 கிலோ ஓம் ஸ்டீரியோ லாக் பொட் (பொட்டென்ஷியோமீட்டர் என்னும், திருப்பினால் மின்தடை மாறும் பாகம்; ‘லாக்’ என்பது மடக்கை (logarithmic) முறையில் மாறும் வகை).

ஒவ்வொரு சேனலிலும் உள்ளீட்டைப் பொட்டின் ஒரு முனையிலும், கிரவுண்டை மறுமுனையிலும், வெளியீட்டை நடு முனையிலும் பற்றவைக்க வேண்டும். கைப்பிடியைப் பாதி திருப்பி, நடு முனைக்கும் கிரவுண்ட் முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்தால் 1 முதல் 2 கிலோ ஓம் காட்ட வேண்டும். 5 காட்டினால் அது மின்தடை சீராக மாறும் லீனியர் பொட், ஒலியளவுக்கு ஏற்றதன்று.

100 கிலோ ஓம் பொட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் வெளியீட்டு மின்மறுப்பு (impedance, மாறும் சிக்னலுக்குக் காட்டும் தடை) 25 கிலோ ஓம் வரை உயர்வதால், 300 பிக்கோஃபாரட் மின்கொள்ளளவுள்ள (capacitance) கேபிளோடு சேரும்போது 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இழப்பு ஏற்பட்டு, மேல் சுரங்களின் தெளிவு மங்கத் தொடங்கும். 10 கிலோ ஓமில் அந்த மின்மறுப்பு 2.5 கிலோ ஓம்தான் என்றாலும், ஆம்புக்குச் செல்லும் கேபிளை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறுமல் சத்தம் நுழையாதிருக்கப் பெட்டியையும் சிக்னல் கிரவுண்டோடு ஒரே இடத்தில் இணைத்துவிடுங்கள்.