ஆண்கள் பள்ளி உதவித் தலைமை ஆசிரியர்கள் கூடிப் பேசும்போது செய்யும் தவறுகள்

அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொரு ஆண்டுகள் ஏ.ஹெச்.எம்., அதாவது உதவித் தலைமை ஆசிரியர், பொறுப்பில் இருந்தேன். காலையில் கேட் அருகே நிற்பது, யார் விடுப்பு என்று பார்த்து மாற்று வகுப்பு போடுவது, சண்டையை விலக்குவது, கோபத்தோடு வரும் அப்பாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அந்த நாற்காலிக்கு வரும் வேலைகள். பணிமூப்பால் வந்து சேரும் பொறுப்பு இது. இதற்கென்று யாரும் நமக்குப் பயிற்சி தருவதில்லை. சக ஏ.ஹெச்.எம்.களிடம் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தலைமை ஆசிரியர்களுக்காவது அடிக்கடி கூட்டம் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் நாங்கள் சந்தித்துக்கொண்டது விடைத்தாள் திருத்தும் முகாமிலும் பயிற்சியின் டீ இடைவேளையிலும்தான். அந்த அரை மணி நேரப் பேச்சு எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஒருமுறை என் பள்ளிப் பையன்களுக்குக் கெடுதலாகவும் முடிந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடுத்த ஊர்ப் பள்ளி ஏ.ஹெச்.எம். ஒருவர், "ஒன்பதே காலுக்கு மேல கேட்டைப் பூட்டிடுவோம் சார், முதல் பீரியட் முடிஞ்சுதான் திறப்போம். ஒரே வாரத்துல லேட்டே இல்லாமப் போச்சு" என்றார். நான் திரும்பி வந்து திங்கட்கிழமையே அதைச் செய்தேன். எங்கள் பள்ளியிலும் தாமதமாக வருபவர்கள் குறைந்தார்கள். இரண்டு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அவர்கள் நேரத்துக்கு வரத் தொடங்கவில்லை, வராமலே இருந்துவிட்டார்கள். பூட்டிய கேட்டைப் பார்த்ததும் அப்படியே திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

அதில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். பக்கத்தில் வந்து நின்றதும் அவன் சட்டையில் சம்பங்கி வாசம் அடித்தது. விடியற்காலை நாலு மணிக்கு அவன் அம்மாவோடு பூ மார்க்கெட்டுக்குப் போகிறான். பூவை வாங்கி, கட்டி, அம்மாவைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தம்பியைக் கிளப்பிவிட்டு வருகிறான். அவனுக்கு ஒன்பதே காலுக்கு வர வழியே இல்லை. அடுத்த ஊர்ப் பள்ளிப் பையன்களில் பெரும்பாலானவர்கள் நடந்தே வந்துவிடும் தூரத்தில் இருந்தவர்கள். எங்களுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் டவுன் பஸ்ஸை நம்பியிருந்தவர்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகவே, இன்னொரு பள்ளியின் தீர்வைக் கேட்கும்போது அந்தப் பள்ளியையும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை பையன்கள், எங்கிருந்து வருகிறார்கள், கேட்டில் நிற்க ஆள் உண்டா, உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியா, தலைமை ஆசிரியர் பக்கபலமாக இருந்தாரா? தீர்வு சொல்பவரும், "லேட் குறைந்தது" என்பதோடு நிறுத்தாமல், வருகை என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது புலம்பல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நமக்குத் தெரிந்த வலி. ஹெச்.எம். கையெழுத்துப் போடமாட்டார், ஆசிரியர்கள் மாற்று வகுப்பு என்றால் முகம் சுளிப்பார்கள். ஐந்து நிமிடம் பேசி ஆற்றிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கூடிய நேரம் முழுக்க ஹெச்.எம்.மைப் பற்றியே பேசிவிட்டால், எழுந்து போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு அந்தப் பேச்சு எப்படியும் அவர் காதுக்குப் போய்ச் சேரும்.

ஆண்கள் பள்ளிக்காரர்கள் கூடினால் கட்டாயம் வந்துவிழும் வாக்கியம், "பசங்கன்னா அப்படித்தான் சார்." இதைச் சொன்னவுடன் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது, காரணம் தேட வேண்டிய வேலையும் போய்விடுகிறது. 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்நாட்டில் மாணவிகளின் தேர்ச்சி 94.53 சதவீதம், மாணவர்களின் தேர்ச்சி 88.58 சதவீதம். நூற்றுக்கு ஆறு பேர் வித்தியாசம். பையன்களின் இயல்பு என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்த ஆறு பேர் யார், எந்த மாதத்திலிருந்து விடுப்பு எடுக்கத் தொடங்கினார்கள், அரையாண்டுத் தேர்வை எழுதினார்களா என்று பேர் பேராகப் பார்த்தால், அநேகமாக ஒரு வேலையோ வீட்டில் ஒரு நோயோ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வெட்கமோ தெரியவரும். அதைப் பற்றிப் பேசலாம்.

அந்த வாக்கியத்தின் தம்பி, "நாலு போட்டாத்தான் சரிப்படுவான்" என்பது. கூட்டத்தில் யாராவது இதைப் பெருமையாகச் சொன்னால், மற்றவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அப்படி நகரக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. அது எட்டாம் வகுப்பு வரைதானே என்று வாதிடுபவர்கள் உண்டு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 75ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத எல்லோரையும் காக்கிறது. தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தாக்குபவருக்குச் சிறைத்தண்டனை வரை போகும். சட்டத்தை விடுங்கள். அசெம்பிளியில் எல்லோர் முன்னாலும் முடி வெட்டப்பட்ட பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் அதற்குப் பிறகு பள்ளிக்கே வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். முடி இரண்டு மாதத்தில் வளர்ந்திருக்கும்.

பெயர் சொல்லிப் பேசுவது இன்னொரு தவறு. நல்ல எண்ணத்தோடுதான் சொல்வோம், "இந்தப் பையன் உங்க பள்ளிக்கு டி.சி. வாங்கி வரப்போறான், கவனமா இருங்க" என்று. அவன் அங்கே போய்ச் சேருமுன்பே அவனுடைய பெயர் கெட்டுவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் சண்டை வீடியோவைப் போடுவது இதைவிட மோசம். குற்றம் சாட்டப்பட்ட சிறாரையும் பாதிக்கப்பட்ட சிறாரையும் அடையாளம் காட்டுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. "ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா இல்லை, மூன்று மாதமாகச் சண்டை" என்றாலே ஆலோசனை கேட்கப் போதும். பெயரும் ஊரும் தெருவும் வேண்டாம். தெரு சொன்னால் சாதி சொன்னதாகிவிடும் ஊர்கள் நம்மிடம் நிறைய.

சாதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஒதுங்குவதும் தவறுதான். சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, பஸ்ஸில் யார் எந்த சீட்டில், வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை, இவையெல்லாம் கேட்டருகே நிற்கும் ஏ.ஹெச்.எம். கண்ணுக்குத்தான் முதலில் படும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சாதிப் பகையால் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. "எங்க பள்ளியில அப்படி ஒன்னும் இல்ல சார்" என்று கூட்டத்தில் சொல்வது பள்ளியின் பெயரைக் காப்பாற்றலாம். ஒதுக்கப்படும் பையன் ஒருவன் அங்கே இருந்தால் அவனை அது காப்பாற்றாது. சொல்லக் கூச்சமாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகவாவது கேளுங்கள்: நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முதலில் யாரிடம் பேசினீர்கள்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சக ஆசிரியரின் ஆலோசனைக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு பையனிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தால், அடுத்த முகாமில் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள். பையன்களுக்கு இப்படியெல்லாம் நடக்காது, பெரிய பையன்கள் விளையாட்டுக்குச் செய்ததுதான் என்று பேசி மழுப்புவதை ஆண்கள் பள்ளிகளில் நான் கேட்டிருக்கிறேன். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும். 19ஆம் பிரிவின்படி, தெரியவந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது 21ஆம் பிரிவில் தனிக் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. சகாக்களிடம் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம், அதுவும் பையன் யாரென்று தெரியாதபடி.

கடைசியாக, பேசியதைப் பின்தொடராமல் விடுவது. நானும் கேட் பூட்டும் யோசனை சொன்ன அந்த ஏ.ஹெச்.எம்.மும் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு. யார் என்ன சொன்னார், எப்போது செய்து பார்த்தேன், என்ன ஆனது என்று மூன்று வரி. சந்தித்தால் முதல் பத்து நிமிடம் பழைய கதைதான், புதியது அதற்குப் பிறகு. கேட் பூட்டியதால் எங்கள் பள்ளியில் வருகை விழுந்ததைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. ஊருக்குப் போய்த் தன் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் நாலு பையன்கள் அப்படி நின்றுபோயிருந்தார்கள். இரண்டு பேரைத்தான் அவரால் திரும்பக் கூட்டிவர முடிந்தது.

எங்கள் பள்ளியில் கேட்டைத் திறந்துவைத்தோம். தாமதமாக வருபவர்கள் ஒரு நோட்டில் காரணத்தை எழுதிவிட்டு நேராக வகுப்புக்குப் போகலாம் என்றோம். பூக்கார அம்மாவின் மகன் தினமும் ஒரே வார்த்தைதான் எழுதுவான்: "மார்க்கெட்". அவனுக்காக முதல் பீரியடுக்குக் கணக்கு வராதபடி கால அட்டவணையை மாற்றிப்போட்டோம். மறு வருடம் முகாமில் பார்த்ததும் அந்த ஏ.ஹெச்.எம். முதலில் கேட்டது, "உங்க பூ மார்க்கெட் பையன் பத்தாவது எழுதினானா சார்?"

எழுதினான். கணக்கில் நாற்பத்தேழு.